பனங்கருக்கும் பட்டயமும்



இந்த மாதச் செய்திக்காக ஜெபத்தில் காத்திருந்தபோது ஆவியானவர் எபிரெயர் 4:12-ஐத் திரும்பத் திரும்ப என் முன்னே வைத்தார். தேவனுடைய வார்த்தை உயிருள்ளது, எந்தப் பட்டயத்தையும்விடக் கூர்மையானது என்று சொல்லுகிற வசனம். உங்கள் வேதாகமத்தை எடுத்து ஒருதரம் சத்தமாய் வாசித்துப் பாருங்கள். கூர்மை என்பதற்கு அங்கே என்ன சொல் போட்டிருக்கிறது? கருக்கு! கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் பனைதான். பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பப் பல் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. வேலிக்கு மட்டை வெட்டிப் போட்டவர்களுக்கு அது தெரியும். அசந்தால் கையைக் கிழித்துவிடும். அது பிடிக்கிறவன் கையையும் கிழிக்கும், மோதுகிறவன் காலையும் கிழிக்கும். பிரசங்கம் பண்ணுகிற நானும் கேட்கிற நீங்களும் இதில் ஒன்றுதான்.

இந்த மாதம் சாதியைப் பற்றி எழுதப் போகிறேன். (பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்!) சிகரெட்டைப் பற்றி, சாராயத்தைப் பற்றி, சினிமாவைப் பற்றி, நகையைப் பற்றி, பூ வைப்பதைப் பற்றி நம் பெந்தெகொஸ்தே மேடைகளில் எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்? விரல் விட்டு எண்ண முடியாது. சாதியைப் பற்றி? விரல் விட்டு எண்ணிவிடலாம். கன்வென்ஷன் பந்தலில் பிசாசின் தந்திரங்களைப் பட்டியல் போடுகிறோம். அந்தப் பட்டியலில் இது மட்டும் வருகிறதே இல்லை. ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நம் மாவட்டத்துச் சரித்திரம் ஒன்றைச் சொல்லுகிறேன். 1930-ஆம் வருஷம் டிசம்பர் மாதம். அப்போது ராமநாதபுரம் ஜில்லா பெரியது, இன்றைய சிவகங்கையும் விருதுநகர்ப் பக்கமும் அதற்குள் இருந்தன. அந்த ஜில்லாவில் ஆதிக்கம் செய்த ஒரு கூட்டத்தார், தாழ்த்தப்பட்ட ஜனங்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன் நகையோ வெள்ளி நகையோ போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது, சட்டையோ பனியனோ கூடாது. முடி கத்தரிக்கக்கூடாது. மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் நாசமாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. இதையெல்லாம் ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தினவர் அவர்தான். அந்த 1931-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின. அப்போது ஒரு தடை புதிதாகச் சேர்ந்தது. அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக்கூடாது!

நகையும் குடையும் கண்ணுக்குத் தெரிகிறவை, அவற்றைத் தடுத்தது புரிகிறது. எழுத்தை ஏன் தடுக்க வேண்டும்? எழுத்தில் கருக்கு இருக்கிறது என்று தடுத்தவனுக்குத் தெரிந்திருந்தது, பிரியமானவர்களே. வார்த்தையின் வல்லமையை நம்மைவிட அவன் நன்றாய் அறிந்திருந்தான்.

இங்கே ஊழியக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஞானஸ்நானத்துக்கு வருகிற சகோதரியிடம் ‘நகையைக் கழற்றும்மா’ என்று சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சகோதரியின் பாட்டி பொன்னைத் தொட்டதற்கு அடி வாங்கினவளாய் இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாய் ஒரு கழுத்தில் ஏறின ஒரு பவுன் அது. அதைக் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்க் கழற்றுகிறவளின் காணிக்கை எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அதிகாரமாய்ச் சொன்னால், முப்பதாம் வருஷத்துச் சட்டத்தையே மறுபடி படித்த மாதிரி அவள் காதில் விழும். இதைப் பற்றி இன்னொரு மாதம் எழுதுவேன்.

சரி. இவ்வளவு பலமான அநியாயத்தை வெறும் வார்த்தை என்ன செய்துவிட முடியும்? 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான், உரியாவையும் சாகக்கொடுத்தான். சேனை அவன் கையில், சிங்காசனம் அவன் கையில். அவனை யார் கேட்பது? கர்த்தர் படையை அனுப்பவில்லை. நாத்தானை அனுப்பினார். நாத்தான் வந்து என்ன பண்ணினார்? நேராய்க் குற்றம் சாட்டினாரா? ஒரு கதை சொன்னார். ஊரெல்லாம் ஆடுமாடு வைத்திருக்கிற ஒரு ஐசுவரியவான், ஒரே ஒரு ஆட்டுக்குட்டியை மடியில் போட்டு வளர்க்கிற ஒரு ஏழை. விருந்தாளி வந்தபோது ஐசுவரியவான் கை வைத்தது அந்த ஒற்றைக் குட்டியின்மேல். கேட்ட தாவீதுக்குக் கோபம் பற்றி எரிந்தது. அந்த மனுஷன் சாகத்தான் வேண்டும், நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பே எழுதிவிட்டான். அப்புறம்தான் நாத்தான் விரலை நீட்டினார். அந்த ஆள் வேறே யாருமில்லை ராஜாவே, நீர்தான்!

கதை செய்கிற வேலை இது. தன் வழக்கு என்று தெரிந்தால் மனுஷன் வக்கீல் வைத்துக்கொள்வான். அடுத்தவன் வழக்கு என்று நினைத்தால் நியாயமாய்த் தீர்ப்புச் சொல்வான். கதை அவனை முதலில் நியாயாசனத்தில் உட்காரவைக்கிறது, பிறகு குற்றவாளிக் கூண்டைக் காட்டுகிறது. ‘கதைப்புத்தகம் எல்லாம் உலகத்தாருக்கு, விசுவாசிக்கு எதற்கு பாஸ்டர்?’ என்று கேட்கிறவர்கள் உண்டு. நம் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் கதையை எடுத்துவிட்டால் லூக்கா 10-ல் என்ன மிஞ்சும்? அந்தக் கதையின் கடைசியில் ஒரு விஷயம் கவனித்தீர்களா? மூன்று பேரில் எவன் பிறனாயிருந்தான் என்று ஆண்டவர் கேட்கிறார். நியாயசாஸ்திரி பதில் சொல்லுகிறான். ஆனால் ‘சமாரியன்’ என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. இரக்கம் செய்தவன் என்று சுற்றி வளைத்துச் சொல்லுகிறான். தீர்ப்புச் சரியாய் வந்துவிட்டது, நாக்கு இன்னும் இரட்சிக்கப்படவில்லை!

படிக்கக் கூடாது என்று 1931-இல் தடை போட்ட அதே பழைய ராமநாதபுரம் ஜில்லாவில், வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில், 1958-இல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. கத்தோலிக்கத் தலித் குடும்பம். அந்தப் பிள்ளை படித்தது, ஆசிரியை ஆயிற்று. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்க வேண்டும் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தது. மடத்துக்குள்ளும் சாதி இருக்கக் கண்டு 1992-இல் வெளியே வந்தது. அதே வருஷம் அவர் எழுதின புத்தகம் அச்சில் வந்தது. எழுதினவர் பாமா. புத்தகத்தின் பேர்? ‘கருக்கு’! பனங்கருக்கையும் எபிரெயர் நிருபத்துப் பட்டயத்தையும் மனதில் வைத்துத்தான் அவர் அந்தப் பேரை வைத்தார். அதைச் சிலர் சுயசரிதை என்கிறார்கள், சிலர் நாவல் என்கிறார்கள். எனக்கு அது நம் சபைகளில் எழுந்து நின்று சொல்லுகிற சாட்சியைப் போலத்தான் தோன்றியது. தன் தெருவில் பேசுகிற பேச்சிலேயே எழுதியிருக்கிறார்.

அதில் ஒரு காட்சி. சின்னப் பெண்ணாகப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறார். அவர் தெருப் பெரியவர் ஒருவர் ஒரு வடைப் பொட்டலத்தைக் கையில் படாமல், கட்டியிருக்கிற நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து போய், குனிந்து அதை முதலாளியிடம் நீட்டுகிறார். பார்க்க வேடிக்கையாய் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறார். அண்ணன் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் தொட்டால் வடை தீட்டாம், அதனால்தான் நூல் என்று விளக்குகிறார். அவ்வளவுதான் காட்சி. வாசிக்கிற நாமும் முதலில் அந்தப் பிள்ளையோடு சேர்ந்து சிரித்துவிடுகிறோம் பாருங்கள், அங்கேதான் கருக்கு கிழிக்கிறது. நாத்தான் தாவீதுக்குச் செய்ததும் இதுதான்.

‘அது ஆர்சிக்காரங்க கதை, நம்ம சபையில அப்படி இல்ல’ என்று யாராவது சொன்னால், அடுத்ததாக இமையம் 1994-இல் எழுதின ‘கோவேறு கழுதைகள்’ நாவலைக் கையில் கொடுங்கள். தாழ்த்தப்பட்டவர்களின் தெருவுக்கே துணி வெளுத்து, வீடு வீடாய்ச் சோறு வாங்கிப் பிழைக்கிற ஆரோக்கியம் என்கிற கிறிஸ்தவப் பெண்ணின் கதை. மிதிபட்டவன் தனக்குக் கீழே ஒருவனைத் தேடி மிதிக்கிறான். இதை வாசித்தபின் எந்தத் தெருக்காரனும் ‘எங்ககிட்ட அது இல்ல’ என்று சொல்ல முடியாது.

வார்த்தைக்கு வல்லமை உண்டு என்றால், அது இரண்டு பக்கமும் போகும் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை உண்டா? அப்படிப்பட்ட வரம் பெற்றவர், ஆலயத்தில் சாதி வேற்றுமையை விடச் சொன்ன மிஷனரிகளை எதிர்த்து, சாதி ஆசாரத்துக்கு ஆதரவாக 1829-இல் எழுதினார். நான்கு வருஷம் கழித்து, 1833-இல், கல்கத்தா பிஷப் தானியேல் வில்சன் சபைக்குள் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினபோது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே போனார்கள். சாதியை விடுவதைவிட ஆலயத்தை விடுவது அவர்களுக்கு லேசாக இருந்தது! சாஸ்திரியாரின் பாட்டுகளை நான் இன்றும் பாடுகிறேன், பாடுவேன். பாட்டு வரமும் இருதயமும் ஒன்றல்ல என்பதையும் மறக்க மாட்டேன்.

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலைச் சாதிக்கு ஒரு பக்கமாக நடுவில் சுவர் வைத்தே கட்டினார்கள். 1910-இல்தான் அந்தச் சுவர் இடிந்தது. நம் ஊரிலோ தினமும் ஐந்து வேளை பாங்கு கேட்கிறோம். பள்ளிவாசலில் தொழுகைக்கு நிற்கிறவர்கள் தோளோடு தோள் சேர்ந்து ஒரே வரிசையில் நிற்கிறதைப் பார்க்கிறோம். நாமும் பாய் விரித்து எல்லாரும் தரையில்தான் உட்காருகிறோம், பாயில் யாரும் சுவர் கட்ட முடியாது. ஸ்தோத்திரம்! ஆனால் பாயைச் சுருட்டி வைத்தபிறகு?

அமெரிக்க தேசத்துக் கதைக்கு வருகிறேன். அங்கே நிறம், இங்கே சாதி. இரண்டும் அண்ணன் தம்பி என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. கறுப்பின ஜனங்களுக்காகப் போராடின போதகர் மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் ஒரு மாதம் இந்தியாவில் சுற்றினார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டிருந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. தலைமை ஆசிரியர் பிள்ளைகளிடம், இவரும் உங்களைப் போலவே தீண்டப்படாதவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறார் என்று அறிமுகம் செய்தார். கிங் ஐயாவுக்குச் சுருக்கென்றது. பிறகு தன் ஜனம் ஊரில் எப்படி நடத்தப்படுகிறது என்று யோசித்துவிட்டு, உண்மைதானே, நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஒத்துக்கொண்டார். 1965 ஜூலை 4-ஆம் தேதி தன் சபையில் பிரசங்கம் பண்ணும்போது இதை அவரே சொன்னார். யாரோ ஒரு பள்ளி வாத்தியார் சொன்ன ஒரே சொல், உலகப் பிரசித்தி பெற்ற பிரசங்கியையே கிழித்தது பாருங்கள்! அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1963 ஆகஸ்ட் 28-இல், வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்கு முன் அவர் பேசின பேச்சை இன்றும் உலகம் கேட்கிறது. அதில் அவர் எடுத்தது யாருடைய வார்த்தை? ஆமோஸ் 5:24! அந்த ஆமோஸ் யார்? மாடு மேய்த்துக் காட்டத்திப்பழம் பொறுக்கினவன். நம் பக்கத்தில் என்றால் பனையேறி. அரண்மனை ஆலயத்தில் அவனைப் பேசவேண்டாம், ஊருக்குப் போ என்றார்கள்.

பேச வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் பேசினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை. முதுகுளத்தூருக்கே பஸ் ஏறலாம். 1957 செப்டம்பர் 10-ஆம் தேதி கலெக்டர் அங்கே ஒரு சமாதானக் கூட்டம் கூட்டினார். செல்லூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, பட்டாளத்தில் இருந்து திரும்பிய இம்மானுவேல் சேகரன் ஒடுக்கப்பட்ட ஜனங்களின் சார்பில் அதில் சரிக்குச் சமமாய் உட்கார்ந்து பேசினார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வயது 32. அதன்பின் மூண்ட கலவரத்தில் இரண்டு பக்கத்திலும் தாய்மார் பிள்ளைகளை இழந்தார்கள். 2010-இல் அவர் படத்தோடு தபால்தலை வந்தது. இன்றும் செப்டம்பர் வந்தால் நம் மாவட்டத்தில் தடை உத்தரவு, பஸ் நேரத்துக்கு வராது, ஊழியக் கூட்டங்களையே நாம் தள்ளிவைக்கிறோம். ஏன் தள்ளிவைக்கிறோம் என்று நம் வாலிபப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

நம் பெந்தெகொஸ்தே பரம்பரைக்கு இதில் ஒரு தனிக்கதை உண்டு. வில்லியம் சீமோர், அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகன், ஒரு கண் பார்வை இல்லாதவர். சார்லஸ் பார்ஹாம் என்கிற வெள்ளைக்காரப் போதகர் ஹூஸ்டன் நகரத்தில் வேதபாடம் நடத்தினார். நிறச் சட்டத்தினால் சீமோர் வகுப்புக்குள் உட்கார முடியாது. கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் உட்கார்ந்து காதால் கேட்டார். அந்த மனுஷனைத்தான் கர்த்தர் 1906-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்து அசூசா தெருவில் எடுத்துப் பயன்படுத்தினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் கட்டிப்பிடித்து அழுதார்கள், அந்நியபாஷை பேசினார்கள். நாம் சொல்லுகிற அல்லேலூயாவின் சத்தம் அந்தப் பழைய கட்டடத்திலிருந்தும் வருகிறது. கதவுக்கு வெளியே உட்காரவைக்கப்பட்டவர் திறந்த கதவு அது! ஆனால் சில வருஷங்களில் அதே எழுப்புதலின் பிள்ளைகள் நிறத்தின்படி சபை சபையாய்ப் பிரிந்தார்கள். மறுபடி ஒன்றுசேர 1994 அக்டோபர் வரை ஆயிற்று. மெம்பிஸ் நகரத்துக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் போதகர் அழுதுகொண்டே ஒரு கறுப்பினப் பிஷப்பின் பாதங்களைக் கழுவினார். அபிஷேகம் தானாகவே எல்லாவற்றையும் சரியாக்கிவிடும் என்று சும்மாயிருப்பவர்கள் அந்த எண்பத்தெட்டு வருஷத்தைக் கணக்குப் பார்க்கட்டும்.

இப்போது நம் சபைக்கு வருகிறேன். இந்தச் செய்திமடலில் ‘வரன் தேவை’ பகுதி ஒன்று தொடங்க வேண்டும் என்று பல பெற்றோர் கேட்டிருந்தீர்கள். கடிதங்களும் வர ஆரம்பித்துவிட்டன. நல்ல சாட்சியுள்ள ஒரு சகோதரர் தன் மகனுக்காக எழுதிக்கொண்டு வந்தார். இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற, அபிஷேகம் பெற்ற பெண் தேவை. ரொம்ப சந்தோஷம் என்றேன். கடைசி வரியில் சாதியும் உட்பிரிவும். நான் அதில் விரலை வைத்தேன்.

“பாஸ்டர், ஆவியில நாம எல்லாரும் ஒண்ணுதான். ஆனா சொந்தபந்தம்னு ஒண்ணு இருக்கே. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு ஊர்ல நிக்கணும்ல?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊரில் நிற்பது லேசான காரியமில்லை, இந்த மாவட்டத்தில் உயிருக்கே பயம் உண்டு. அதனால் நான் வாதம் பண்ணவில்லை. “பெத்லகேம்ல போவாஸ்னு ஒரு பெரிய மனுஷன் இருந்தாரு. நிலபுலன் உண்டு. அவரும் இந்த மாதிரி ஒரு விளம்பரம் குடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும் அண்ணே? மோவாப் தேசத்துப் பொண்ணு, அதுவும் விதவை, மனு போட்டிருக்க முடியுமா? ரூத் இல்லன்னா ஓபேத் இல்ல, ஈசாய் இல்ல, தாவீது இல்ல. மத்தேயு முதல் அதிகாரத்தை எங்க போய் அச்சடிக்கிறது?” என்று கேட்டேன். சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் வரவில்லை. அந்தக் குடும்பத்துக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.

எண்ணாகமம் 12-ஐயும் வீட்டில் குடும்பமாய் உட்கார்ந்து வாசியுங்கள். மோசே எத்தியோப்பியப் பெண்ணை விவாகம் பண்ணினதற்காக மிரியாமும் ஆரோனும் குறை பேசினார்கள். வாய்விட்டுப் பேசினது சொந்த அக்காளும் அண்ணனும். இன்றைக்கும் அப்படித்தானே, ஊரார் பிறகுதான் வருகிறார்கள். மோசே ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை, கர்த்தர் பேசினார். கறுத்த பெண்ணைக் குறை சொன்னவளின் சரீரம் குஷ்டத்தால் வெளுத்துப் போயிற்று. ஏழு நாள் அவள் பாளயத்துக்குப் புறம்பே இருக்க வேண்டியதாயிற்று. அந்த ஏழு நாளும் ஜனங்கள் பிரயாணப்படவில்லை என்று எழுதியிருக்கிறது. ஒரு வீட்டில் பேசின பேச்சுக்கு இஸ்ரவேல் முழுவதும் நின்ற இடத்திலேயே நின்றது.

நம் சபை மூப்பர்கள் இரண்டு நாள் உபவாசித்து ஜெபித்தபின் எடுத்த தீர்மானம் இது. அடுத்த மாத இதழில் வரன் பகுதி ஆரம்பமாகும். பெயர், வயது, படிப்பு, வேலை, சாட்சி, போதகரின் பரிந்துரை ஆகியவை இருக்கும். சாதிப் பெயர், உட்பிரிவு, ‘அதே இனத்தில்’ என்கிற மாதிரியான குறிப்பு எதுவும் அச்சாகாது. ஏற்கெனவே பணம் கட்டியவர்களில் இதற்குச் சம்மதமில்லாதவர்கள் ஞாயிறு ஆராதனைக்குப் பின் பொருளாளர் சகோதரரிடம் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ‘கருக்கு’ இரண்டு பிரதிகள் சபை நூலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். வாலிபர் கூட்டத்தில் சனிக்கிழமைதோறும் கொஞ்சம் கொஞ்சமாய் வாசிக்கலாம் என்றிருக்கிறோம், பெற்றோரும் வரலாம்.